எவர் ஏட்டிலும் ஏறாத தேய்மானம்

தேய்மானம் என்ற சொல்லைத் தமிழில் இரு துறையினர் அன்றாடம் பயன்படுத்துகின்றனர். கணக்குத் தணிக்கையாளர் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லைச் சொல்கிறார். மருத்துவர் கழுத்து எலும்பைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார். முதலாவது தேய்மானத்துக்கு முறையான கணக்கு உண்டு. வருமான வரி விதிகளின்படி, பொதுவான ஆலை இயந்திரங்களின் மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது. அந்த இயந்திரத்தின் முன் பதினைந்து ஆண்டுகள் குனிந்து அமர்ந்து வேலை செய்பவரின் கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் ஏற்படும் தேய்மானம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் ஓவர்லாக் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் பெண், சென்னையின் அலுவலகங்களில் நாள் முழுவதும் தரவுகளை உள்ளீடு செய்யும் இளைஞர், பல்பொருள் அங்காடியில் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கருவியில் காட்டி விலை பதிவு செய்யும் ஊழியர் ஆகியோரின் வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனால், இவர்களுக்கு வரும் வலி ஏறத்தாழ ஒன்றே. கழுத்தின் பின்புறம் இறுகுதல், தோளில் எரிச்சல், முழங்கையின் வெளிப்புறத்தில் குத்தல், விரல்களில் மரத்துப்போதல் என அது பல பெயர்களில் வருகிறது. இவற்றைத் தொழில்சார் தசை - எலும்புக் கோளாறுகள் என மருத்துவ உலகம் தொகுத்து அழைக்கிறது.

இக்கோளாறுகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. இவை எந்த ஒரு நாளிலும் நிகழ்வதில்லை. இயந்திரத்தில் விரல் சிக்கினால் அதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, சாட்சி உண்டு. கழுத்து வலிக்குப் பிறந்தநாள் கிடையாது. அது எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம்மால் விடை காண முடியும்.

இது கணினி யுகத்தின் நோய் என்று கருதுவோர் பலர். உண்மையில் இதன் வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய தமது நூலை 1700-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1713-இல் வந்த விரிவான பதிப்பில், எழுத்தர்களைத் தாக்கும் நோய்க்கு அவர் மூன்று காரணங்களைக் கூறினார்: இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே திசையில் ஓயாமல் அசைத்தல், கணக்கில் பிழை நேர்ந்துவிடக்கூடாதே என்ற மன அழுத்தம். தமக்குத் தெரிந்த ஓர் ஆவண எழுத்தரின் வலக்கை முற்றிலும் செயலிழந்ததையும், அவர் இடக்கையால் எழுதப் பழகிய சில காலத்தில் அந்தக் கைக்கும் அதே நோய் வந்ததையும் ராமசினி பதிவு செய்திருக்கிறார்.

அவர் கூறிய மூன்று காரணங்களையும் அடுத்துவந்த ஆய்வுகள் வலுப்படுத்தியிருக்கின்றன. பிரிட்டனில் மோர்ஸ் கருவியை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த தந்தி ஊழியர்களின் கைகளில் இழுப்பு நோய் பரவியபோது, 1908-இல் அது இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நாட்டின் சட்டம், திரும்பத்திரும்பச் செய்யும் சிறு அசைவும் நோய் தரும் என்பதை ஏற்றுக்கொண்டது.

நோயின் உள் இயக்கத்துக்கு வருவோம். கழுத்து வலி என்றவுடன் நம்மவர்கள் ஊடுகதிர்ப் படம் எடுத்து, 'எலும்பு தேய்ந்துவிட்டது' என்ற முடிவோடு வீடு திரும்புகின்றனர். வயது ஏறஏறக் கழுத்து எலும்பு மூட்டுகளில் மாற்றம் தோன்றுவது நரை தோன்றுவதைப் போல இயல்பானது. படத்தில் அத்தகைய மாற்றம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். படம் சீராக இருந்தும் வலியால் துடிப்பவர்களும் ஏராளம். வேலையால் வரும் வலியின் பெரும்பகுதி தசையிலும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணிலும், அவற்றினூடே செல்லும் நரம்பிலும் உருவாகிறது. இவற்றில் பல ஊடுகதிர்ப் படத்தில் தெரிவதில்லை.

முதலில் தசை. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ. தலை நிமிர்ந்திருக்கும்போது அந்த எடையின் பெரும்பகுதியை முதுகெலும்பு தாங்குகிறது. ஊசி முனையையோ திரையையோ பார்க்கத் தலை முன்னால் சாயும்போது, அது விழாமல் இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு கழுத்தின் பின்புறத் தசைகளுக்கு வருகிறது. ஒரு வாளி நீரை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். சாய்வு கூடக்கூட, தசை இழுக்க வேண்டிய விசையும் கூடுகிறது.

நடக்கும்போது காலின் தசைகள் சுருங்கி விரிகின்றன. ஒவ்வொரு விரிவிலும் புதிய குருதி உள்ளே பாய்கிறது, கழிவுகள் வெளியேறுகின்றன. அசையாமல் ஒரே நிலையில் பிடித்திருக்கும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுருங்கிய தசையின் உள்ளழுத்தம் உயர்ந்து, நுண்ணிய குருதி நாளங்களை நெருக்குகிறது. தேவை கூடும் நேரத்தில் வரத்துக் குறைகிறது.

இந்தச் சுமை மிகச் சிறியதுதானே என்று கேட்கலாம். ஒரு தசையின் உச்ச வலிமையில் 15 சதவீதத்துக்குக் குறைவான சுமையை எவ்வளவு நேரமும் தாங்கலாம் என்றே 1960-களில் ஆய்வாளர்கள் நம்பினர். ஸ்வீடன் ஆய்வாளர் பெங்ட் ஜான்சன் 1978-இல் அந்த நம்பிக்கையைத் திருத்தினார். நாள் முழுவதும் தொடரும் வேலையில், இடைவிடாது நீடிக்கும் சுமை 2 சதவீதத்தைத் தாண்டலாகாது, எந்நிலையிலும் 5 சதவீதத்தை மிஞ்சக்கூடாது என்றார் அவர். ஏறக்குறைய எடையே இல்லாத வேலையும் நோயைத் தரலாம் என்பதே இதன் பொருள்.

இதற்கான விளக்கத்தை 1991-இல் மற்றொரு ஸ்வீடன் ஆய்வாளர் யோரன் ஹேக் முன்வைத்தார். ஒரு தசை என்பது ஒரே தொகுதி அன்று. பல இயக்க அலகுகளின் கூட்டம் அது. சிறிய முயற்சிக்குச் சிறிய அலகுகள் முதலில் பணிக்கு அழைக்கப்படுகின்றன. சுமை கூடும்போதே பெரியவை வந்து சேர்கின்றன. சுமை குறையும்போது பெரியவை முதலில் விடுபடுகின்றன. சிறியவை கடைசிவரை பணியில் நிற்கின்றன. முதலில் எழுந்து கடைசியில் உறங்கும் கதைநாயகி சிண்ட்ரெல்லாவின் பெயரால் இக்கருதுகோள் அறியப்படுகிறது. தசை முழுவதும் சோர்வடையாதபோதும் அதனுள் உள்ள சில நூறு இழைகள் ஓய்வே இல்லாமல் உழைத்து நலிவுறுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் எல்லா வேலையும் யார் தலையில் விழுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது புரிவதில் சிரமம் இருக்காது.

நார்வேயில் ஒரு சாக்லேட் ஆலையில் பொட்டலம் கட்டும் பணியில் புதிதாகச் சேர்ந்த பெண்களின் தோள் தசைகளை 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் மின்கருவி கொண்டு தொடர்ந்து பதிவு செய்தனர். நொடியின் ஒரு பகுதியே நீடிக்கும் ஓய்வு இடைவெளிகள் சிலரது தசைகளில் அடிக்கடி தோன்றின. சிலரது தசைகளில் அவை அரிதாகவே தோன்றின. இடைவெளி குறைவாக இருந்தவர்களுக்கே பிறகு வலி வந்தது. எல்லோரும் செய்தது ஒரே வேலை. நோயைத் தீர்மானித்ததில் உழைப்பின் அளவோடு ஓய்வின் பகிர்வுக்கும் பங்கு இருந்தது.

அடுத்து தசைநாண். கயிறு போன்ற இதன் கட்டுமானப் பொருள் கொலாஜன் என்னும் புரதம். ஒரு கடும் உழைப்புக்குப் பின் தசைநாணில் கொலாஜன் சிதைவதும் புதிதாக உருவாவதும் ஒரே சமயத்தில் நடைபெறுகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம்வரை சிதைவின் கை ஓங்கியிருக்கிறது. அதன் பிறகே கட்டுமானம் முந்துகிறது. போதிய ஓய்வு கிடைத்தால் தசைநாண் முன்னிலும் வலுவடைகிறது. உடற்பயிற்சி நன்மை தருவதன் ரகசியம் இதுதான். அடுத்த நாள் காலையிலேயே அதே சுமை மீண்டும் ஏறினால், கட்டி முடிக்காத சுவரின் மீது மழை பெய்வதைப் போலாகிறது. அதே அசைவு ஒன்றுக்குப் பலனையும் மற்றொன்றுக்குப் புண்ணையும் தருவதற்கு இடையில் கிடைக்கும் நேரமே காரணம்.

மூன்றாவது நரம்பு. உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. அதை 'கார்பல் டனல்' என்கின்றனர்; மணிக்கட்டுக் குகை என்று நாம் சொல்லலாம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதனூடே செல்கின்றன. நலமானவரின் கையில் அக்குகையின் அழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவுக்கும் குறைவு. மணிக்கட்டை மேலோ கீழோ வளைத்து விசை கொடுக்கும்போது அது பன்மடங்கு உயர்கிறது. தசைநாண் உறைகள் தடித்துவிட்டால் வளைக்காதபோதும் அழுத்தம் குறைவதில்லை. 30 மி.மீ. அளவை எட்டி அங்கேயே நிலைத்தால் நரம்புக்குச் செல்லும் குருதி தடைப்படுகிறது. கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல் ஆகியவை இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கலைப்பது இதன் முதல் அறிகுறி. நாளடைவில் கையிலிருந்து பொருள்கள் நழுவத் தொடங்குகின்றன.

இக்காரணிகள் ஒன்றோடொன்று கூடும்போது விளைவு கூட்டல் கணக்கில் வளர்வதில்லை. பெருக்கல் கணக்கில் வளர்கிறது. அமெரிக்காவில் பார்பரா சில்வர்ஸ்டீனும் அவரது சக ஆய்வாளர்களும் 7 தொழிற்கூடங்களில், 39 வகை வேலைகளில் இருந்த 652 தொழிலாளர்களை ஆராய்ந்து 1987-இல் முடிவுகளை வெளியிட்டனர். குறைந்த விசையும் குறைந்த மறுசெயலும் உள்ள வேலைகளில் மணிக்கட்டுக் குகை நோய் 0.6 சதவீதத்தினருக்கு இருந்தது. அதிக விசையும் அதிக மறுசெயலும் சேர்ந்த வேலைகளில் அது 5.6 சதவீதம். வயது, பாலினம் முதலிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகு, இரண்டாம் பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 15 மடங்குக்கும் மேல் எனத் தெரிந்தது. 30 நொடிகளுக்குள் முடிந்து மீண்டும் தொடங்கும் பணியை அவர்கள் அதிக மறுசெயல் என வகைப்படுத்தினர். ஆடைத் தொழிற்சாலையின் பல பணிகள் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிபவை.

ராமசினி சொன்ன மூன்றாவது காரணமான மன அழுத்தத்துக்கும் உடலில் தெளிவான பாதை உண்டு. கணக்குப் போடுவது போன்ற மனச்சுமை மட்டும் இருக்கும்போதே, உடல் அசையாத நிலையிலும், கழுத்திலிருந்து தோள்வரை விரிந்துள்ள தசையில் மின்செயல்பாடு கூடுவதை ஆய்வகங்களில் பதிவு செய்திருக்கின்றனர். மேற்பார்வையாளர் பின்னால் நிற்கும்போது தோள் தானாக உயர்கிறது. இடைவேளையிலும் அது இறங்குவதில்லை. வேலையின் வேகம் கூடுதலாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் பணிகளே மிகுந்த மன அழுத்தம் தருபவை என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979-இல் எடுத்துரைத்தார். தையல் வரிசையும் அழைப்பு மையமும் இந்த வரையறைக்குள் அடங்குகின்றன.

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் ஓர் உண்மை புலப்படும். உடல் தினமும் சேதமடைகிறது. தினமும் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. சேதத்தின் வேகம் சீரமைப்பின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை நோய் இல்லை. அது மிஞ்சும் நாளிலிருந்து மிச்சம் மறுநாளுக்குச் செல்கிறது. வட்டி கட்டாத கடனைப் போல அது சேர்ந்துகொண்டே போகிறது. முதலில் வேலையின் முடிவில் வலிக்கிறது, இரவு உறங்கினால் தீர்ந்துவிடுகிறது. பிறகு காலையிலேயே வலி இருக்கிறது. அதன்பின் விடுமுறையிலும் நீங்குவதில்லை. அந்நிலையில் வலியைக் கடத்தும் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்றுவிடுவதால், தலை வாருவதும் குழந்தையைத் தூக்குவதும்கூடத் துன்பமாகின்றன. முதல் கட்டத்தில் சில நாள் ஓய்வு போதும். மூன்றாம் கட்டத்தில் பல மாதங்களும் போதாமல் போகலாம்.

அப்படியானால் சேதத்துக்கும் சீரமைப்புக்கும் இடையிலான நேரத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இங்கேதான் மருத்துவம் முடிந்து பொருளியல் தொடங்குகிறது. 1776-இல் ஆடம் ஸ்மித், குண்டூசி செய்யும் தொழிலைப் பதினெட்டுச் செயல்களாகப் பிரித்ததால் பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்ய முடிந்ததைக் குறிப்பிட்டார். அந்த எடுத்துக்காட்டைக் கொண்டு பல்லாண்டுகள் பாடம் நடத்தியவன் நான். உழைப்புப் பிரிவினையின் ஆதாயங்களில் ஒன்றாக, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வீணாகும் நேரம் மிச்சப்படுவதை ஸ்மித் கூறுகிறார். உற்பத்திக் கணக்கில் வீணாகும் அந்த நேரம்தான் தசையின் கணக்கில் ஓய்வு நேரம்.

தெருமுனைத் தையற்காரர் துணியை அளக்கிறார், வெட்டுகிறார், தைக்கிறார், எழுந்து தேய்க்கிறார், வந்தவரோடு பேசுகிறார். பின்னலாடை நிறுவனத்தில் ஒருவர் தோளை மட்டும் இணைக்கிறார். அடுத்தவர் கழுத்துப் பட்டியை மட்டும் வைக்கிறார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டிருந்தால், நிமிர்ந்து உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் அவரது வருமானத்திலிருந்தே கழிகிறது. ஷிப்ட் கணக்கில் கூலி என்றால் மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு இருக்கிறது. 'ஒன்றரை ஷிப்ட்' என்பது திருப்பூரில் அன்றாடச் சொல். எட்டு மணி நேரத்துக்குப் பிறகான நான்கு மணி நேரம், வேலையைக் கூட்டுவதோடு சீரமைப்புக்கான நேரத்தைக் குறைக்கவும் செய்கிறது. அந்த நான்கு மணி நேரத்தின் விலை முதல் நான்கு மணி நேரத்தின் விலையைவிட உடலுக்கு அதிகம். தினசரி வேலைநேரத்தை 12 மணியாக்க இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழக சட்டப்பேரவையில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, கடும் எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் வாரத்தின் மொத்த மணிநேரம் மாறாது என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. தசைநாண் வாரக் கணக்குப் பார்ப்பதில்லை.

தையல் இயந்திரப் பணியாளர்களைப் பற்றி டென்மார்க்கில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள், அத்தொழிலில் கழித்த ஆண்டுகள் கூடக்கூட நீடித்த கழுத்து, தோள் வலியும் கூடுவதைக் காட்டின. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 277 தையல் பணியாளர்களிடம் நடத்தப்பட்ட சோதனை 2007-இல் வெளியானது. உயரம் மாற்றத்தக்க, தையல் பணிக்கு ஏற்ற நாற்காலி தரப்பட்டவர்களின் வலி நான்கு மாதங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. வலி தொழிலாளியின் விதி அன்று. பணியிட அமைப்பின் விளைவு என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இதற்கு எதிரான வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் மணிக்கட்டுக் குகை நோயைக் கொண்டுவரலாம். வீட்டு வேலையும் கையைத் தேய்க்கிறது. 1980-களில் ஆஸ்திரேலியாவில் தட்டச்சு, தொலைபேசிப் பணியாளர்களிடையே இவ்வலி பெரிதாகப் பரவி, பின்னர் குறைந்தபோது, இது மனத்தின் நோயே என்று வாதிட்ட மருத்துவர்களும் இருந்தனர். ஒரு தனிமனிதரின் வலியில் வேலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்தான். ஆனால், நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது வேலையின் பங்கு மறைவதில்லை. 1997-இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் 600-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்து, விசை, மறுசெயல், உடல்நிலை ஆகியவை சேரும்போது நோய் உருவாவதற்கு வலுவான சான்று உண்டு என்று முடிவு செய்தது.

இத்தனை சான்றுகளுக்குப் பிறகும் இந்நோய் கணக்கில் ஏறாததற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, தொழிற்சாலைக்குள் நுழைந்து கணக்கெடுத்தால் பெரும்பாலோர் நலமாகவே தெரிவர். வலி தாங்காதவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டிருப்பார்கள். அவர்களது இடத்தில் இருபது வயதினர் அமர்ந்திருப்பார்கள். எஞ்சியவர்களை மட்டும் எண்ணும் கணக்கு எப்போதும் நிறுவனத்துக்குச் சாதகமானது. இரண்டு, வேலையை விட்ட பெண்ணின் வலி அவரது வீட்டில் தங்கிவிடுகிறது. மருத்துவச் செலவு, இழந்த கூலி, முடங்கிய கையோடு செய்யும் சமையல் ஆகியவற்றைக் குடும்பம் சுமக்கிறது. ஆடையின் விலையில் அது சேர்வதில்லை. பொருளியலில் இதைப் புறச்செலவு என்போம். ஆற்றில் கலக்கும் சாயக்கழிவுக்கு அப்பெயரைச் சூட்டத் தயங்காத நாம், தோளில் சேரும் வலிக்கு அதைச் சூட்டுவதில்லை.

மூன்றாவது காரணம் சட்டம். தலைமுறைகளாக நம் தொழிற்கூடங்களை நெறிப்படுத்திய 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய 29 நோய்கள் இடம்பெற்றிருந்தன. ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், பஞ்சுத்தூசி நோய், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு முதலியவை அதில் இருந்தன. கழுத்து, தோள், மணிக்கட்டுக் கோளாறுகள் இருக்கவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலிலோ மணிக்கட்டுக் குகை நோயும், தசைநாண் உறை அழற்சியும், முழங்கை வலியும் தெளிவாக இடம்பெற்றிருக்கின்றன. அதே 1948-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர இடைவேளை தரச் சொன்னது. அது பசிக்கான இடைவேளை; தசைக்குத் தேவைப்படுவது அடிக்கடி கிடைக்கும் சிறு இடைவெளிகள்.

அப்படி இடைவெளி கொடுத்தால் உற்பத்தி குறையாதா என்பதே தொழில் முனைவோரின் முதல் கேள்வியாக இருக்கும். அமெரிக்க வரித் துறை அலுவலகத்தில் தரவு உள்ளீட்டுப் பணியாளர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தனர். வழக்கமான இடைவேளைகளோடு, மணிக்கு ஐந்து நிமிடம் என்ற வகையில் நாளொன்றுக்குக் கூடுதலாக 20 நிமிட ஓய்வு தரப்பட்டது. உடல் உபாதை குறைந்தது. செய்து முடித்த வேலையின் அளவு குறையவில்லை. 2000-இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது எளிமையானது: களைத்த கை மெதுவாக இயங்குகிறது, ஓய்ந்த கை இழந்த நேரத்தை ஈடுகட்டுகிறது.

ஆயினும், அறிவு இருப்பதாலேயே சட்டம் வந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் பத்தாண்டு முயற்சிக்குப் பின் 2000 நவம்பரில் வெளியான பணியிடப் பணிச்சூழலியல் விதியை, வணிக அமைப்புகளின் எதிர்ப்பை அடுத்து 2001 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் ரத்து செய்தது. அதே 2001-இல் அந்நாட்டு தேசிய ஆய்வுக் கழகத்தின் அறிக்கை, இக்கோளாறுகளால் ஆண்டுக்கு 45 முதல் 54 பில்லியன் டாலர் இழப்பு ஏற்படுவதாக மதிப்பிட்டது. செலவு மறையவில்லை, அதைச் சுமப்பவர் யார் என்பது மட்டுமே முடிவானது.

நாம் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மேசை, நாற்காலியின் உயரத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றும் வசதி, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வு, ஒரே தசையை மீண்டும் வருத்தாத வகையில் பணிகளை மாற்றி அளித்தல் ஆகியவை முதல் படிகள். தோள் இணைப்பவரைக் கழுத்துப் பட்டிக்கு மாற்றுவதால் பயனில்லை. தைப்பவர் சிறிது நேரம் நின்று செய்யும் பணிக்கு மாறினால் பயன் உண்டு. துண்டுக் கூலியில் ஓய்வு நேரத்துக்கும் ஊதியம் கணக்கிடப்படாவிட்டால், எந்த இடைவேளையும் ஏட்டளவிலேயே நிற்கும். வலி இருப்பதாகச் சொல்பவரை வேலையிலிருந்து நீக்காமல், முதல் கட்டத்திலேயே பதிவு செய்து பணியை மாற்றித் தரும் நடைமுறை வேண்டும். தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைகளில், கழுத்து வலியோடு வருபவரிடம் 'என்ன வேலை, எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்' என்ற கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்தாலே, இன்று நம்மிடம் இல்லாத புள்ளிவிவரம் சில ஆண்டுகளில் கிடைத்துவிடும்.

தொழிலாளியின் உடல்நிலையைச் சட்டம் கவனிக்க முடியும் என்பதைத் தமிழகம் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. கடை ஊழியர்களுக்கு அமரும் உரிமையை 2021-இல் சட்டத்திருத்தம் மூலம் வழங்கிய மாநிலம் இது. நாள் முழுவதும் நிற்பவருக்கு உட்கார உரிமை உண்டென்றால், நாள் முழுவதும் குனிந்திருப்பவருக்கு நிமிர உரிமை இருக்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கென 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பின் நோய்ப் பட்டியலில் கழுத்து, கைக் கோளாறுகளைச் சேர்க்கத் தமிழக அரசும் தொழிற்சங்கங்களும் வலியுறுத்த வேண்டும். பட்டியலில் இடம்பெறும் நோய்க்கே பதிவு உண்டு. பதிவு இருந்தால்தான் செலவு எவ்வளவு, யாருடையது என்ற கேள்வியை எழுப்ப முடியும். இயந்திரத்தின் தேய்மானத்தை ஆண்டுதோறும் எழுதும் கணக்கேட்டில், அதை இயக்குபவரின் தேய்மானத்துக்கும் ஒரு வரி ஒதுக்குவது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.